ஆடும் பலகையில் நின்று குழல் ஊதலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்லூரி நாட்களில் 6 ஆண்டுகள் புல்லாங்குழல் பயின்றேன், பிறகு வேலை, குடும்பம் என்று அது விட்டுப்போயிற்று. சென்ற ஆண்டு கணுக்கால் பிசகியபோது பயிற்சிக்காக வாங்கிய பேலன்ஸ் போர்டும் (ஏறி நின்றால் ஆடும் பலகை) பரணுக்குப் போய்விட்டது. பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது இரண்டும் ஒன்றாகக் கையில் கிடைக்க, விளையாட்டாகப் பலகையில் ஏறி நின்று ஊதிப் பார்த்துச் சிறுவனைப் போலச் சிரித்துவிட்டேன். ஆனால், கண்ணை மூடி ஒரு நீண்ட கார்வை (ஒரே ஸ்வரத்தை நீட்டி ஊதுவது) பிடித்தால் உடனே தடுமாறுகிறேன். பலகை எப்போதும் வலப்பக்கமே சாய்கிறது. 52 வயதில் இந்த விளையாட்டு தேவையா என்று மனைவி கேட்கிறார். தொடரலாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தாராளமாகத் தொடரலாம், உங்கள் துணைவியார் கேட்பதிலும் நியாயம் இருப்பதால், அவர் அருகில் இருக்கும் நேரமாகப் பார்த்துத் தொடருங்கள். உங்கள் தடுமாற்றத்துக்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நாம் விழாமல் நிற்பதற்கு உள்காதில் உள்ள அரைவட்டக் குழல்கள் முதலான சமநிலை உறுப்புகள், கண்கள், பாதத்திலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் தசைகளிலிருந்தும் மூளைக்குச் செல்லும் உணர்வு ஆகிய மூன்றும் ஒருங்கே உழைக்கின்றன. கெட்டியான தரையில் இவற்றுள் ஒன்று ஓய்வெடுத்தாலும் மற்ற இரண்டும் சமாளித்துவிடும். ஆடும் பலகையிலோ பாதம் தரும் செய்தி ஏற்கெனவே குழம்பியிருக்க, நீங்கள் கார்வையில் லயித்துக் கண்ணையும் மூடிக்கொண்டால் பாரம் முழுவதும் உள்காதின் மீது விழுகிறது. குழல் வாசிப்பவர்களுக்குக் கண்ணை மூடுவது பிறவிப் பழக்கம் போன்றது என்பதை அறிவேன். பலகையில் நிற்கும்போது மட்டும் அதை விட்டு, கண் மட்டத்தில் எதிர்ச்சுவரில் உள்ள நாட்காட்டியையோ ஆணியையோ பார்த்துக்கொண்டு வாசியுங்கள். ஸ்வரம் எழுதிய காகிதத்தைக் குனிந்து பார்த்து வாசிப்பதும் கூடாது. ஆகவே மனப்பாடமான பாடல்களே இதற்கு ஏற்றவை.

வலப்பக்கச் சாய்வுக்குக் காரணம் இன்னும் எளியது. குழலும் அதைத் தாங்கும் இரு கைகளும் உடலின் வலப்புறம் இருப்பதால் எடையும் அந்தப் பக்கமே செல்கிறது. இரு பாதங்களையும் இரண்டு விரற்கடை அளவு இடப்புறம் நகர்த்தி நின்று பாருங்கள். முழங்காலையும் சற்றுத் தளர்த்தி வையுங்கள். தேவனாம்பட்டினத்தில் கட்டுமரத்தின் மேல் நின்று துடுப்புப் போடும் மீனவரின் முழங்கால் ஒருபோதும் விறைத்து நிற்பதில்லை. (ஃபைபர் படகுகள் பெருகிய பிறகு அந்தக் காட்சி அரிதாகி வருகிறது, கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் நின்று அவர் இடுப்புக்குக் கீழே என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்.)

இதில் குழலுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. தடுமாறும்போது மனிதன் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான், உடல் விறைக்கிறது, விறைத்த உடல் மேலும் தடுமாறுகிறது. குழல் ஊதுபவருக்கோ மூச்சைப் பிடித்தால் நாதம் நின்றுவிடும் என்பதால் அவர் மூச்சை விட்டே ஆக வேண்டும். நான் முயன்றபோது, மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்னும் தொடக்கப் பயிற்சியை விளம்ப காலத்தில், அதாவது மெதுவாக, வாசித்த வரைக்கும் பலகை அடங்கியிருந்தது. வேகமான துரித காலத்துக்குப் போனதும் தோள் உயர்ந்தது, உதட்டுக்கும் துளைக்கும் இடையிலுள்ள கோணம் மாறியது, சுருதி விலகியது, நானும் இறங்கிவிட்டேன். எந்த இடத்தில் உடலை இறுக்குகிறோம் என்பதைப் பலகை இப்படிக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எனினும் புதிய பாடத்தை இதன் மேல் நின்று கற்க முயலாதீர்கள், பாடமும் வராது, பலகையும் நிற்காது.

வழவழப்பான தரையில் கோரைப்பாய் விரித்து அதன் மேல் பலகையை வைத்தால் பாயோடு சேர்ந்து வழுக்கும். ரப்பர் விரிப்பே நல்லது. வெறுங்காலோடு, பிடித்துக்கொள்ள ஜன்னல் கம்பி எட்டும் தூரத்தில் நில்லுங்கள். சரியப் போவதாகத் தோன்றினால் முதலில் குழலை உதட்டிலிருந்து விலக்கிவிட வேண்டும். மூங்கிலை விடப் பல் விலை அதிகம். தலைசுற்றல் உள்ளவர்களும், நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் ஏறக் கூடாது.

கேள்வி: சம்மணமிட்டு அமர்ந்து வாசிப்பதே நம் மரபு. பலகையில் ஆடிக்கொண்டு வாசிப்பது சர்க்கஸ் ஆகாதா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: உங்கள் ஊர்ப் பாடலீஸ்வரர் கோயிலின் சுவாமி புறப்பாட்டை நினைத்துப் பாருங்கள். நாகஸ்வரக்காரரும் தவில்காரரும் மேடு பள்ளமான வீதியில் நின்றும் நடந்தும்தான் வாசிக்கிறார்கள். தவிலின் கனத்தைத் தோளில் சுமந்துகொண்டு கூட்டத்தின் நெரிசலுக்கு நடுவே காலம் தப்பாமல் நிற்பது பலகையில் நிற்பதை விடக் கடினம். கூச்சிப்பூடி நடனத்தின் தரங்கம் என்னும் பகுதியில் பித்தளைத் தட்டின் விளிம்பில் பாதம் பதித்து ஜதிக்கு ஆடுவதை நாம் சர்க்கஸ் என்று சொல்வதில்லை. அமர்ந்து வாசிப்பது கச்சேரிக்கு உரிய ஒழுங்கு. வீட்டுக் கூடத்தில், யாரும் டிக்கெட் வாங்காத நேரத்தில் அந்த ஒழுங்கை வற்புறுத்த வேண்டியதில்லை.

கேள்வி: என் 9 வயது மகள் வயலின் கற்கிறாள். அவளும் பலகையில் நின்று வாசிக்க ஆசைப்படுகிறாள். அனுமதிக்கலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அவள் கற்பது எந்த முறை என்று நீங்கள் குறிப்பிடவில்லை. கர்நாடக முறையில் வயலினின் சுருள் முனை வலது பாதத்தின் மீது ஊன்றியிருக்கும். எழுந்து நின்றால் அந்தத் தாங்கல் போய்விடும், இடது கை கமகத்துக்கு (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதற்கு) ஓடுவதா கருவியைத் தாங்குவதா என்று திண்டாடும். மேற்கத்திய முறையில் தாடைக்கும் தோளுக்கும் இடையில் பிடித்து நின்று வாசிப்பவளாக இருந்தால் முயலலாம். அப்போதும் வில் வேண்டாம்; விழும்போது அதன் முனை கண்ணுக்கு ஆபத்து. முதல் வாரம் வயலினையும் உறையிலேயே வைத்துவிட்டு, நீங்கள் அருகில் நிற்க, பலகையில் நின்று ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையைக் கையால் போட்டபடி பாடச் சொல்லுங்கள். அது நன்றாக அமைந்த பிறகு வயலினைக் கொடுத்து, தந்திகளை விரலால் மீட்டி வாசிக்க விடுங்கள். வில்லைப் பற்றி அதற்குப் பின் அவளுடைய ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.