விபி டாட் நெட் (மைக்ரோசாஃப்டின் புரோகிராம் மொழி) வழியாக டேட்டாபேஸில் தேதி, நேரம் அப்டேட் செய்தால் ஏன் மாறிப்போகிறது? ஃபார்மட்டை எங்கே செட் செய்ய வேண்டும்?

கேட்டிருக்கும் தம்பி தண்டையார்பேட்டைக்காரர். மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு கேட் என்ட்ரி சாஃப்ட்வேர் எழுதுகிறார். முன்னால் விண்டோஸ் ஃபார்ம் (திரை), பின்னால் எஸ்க்யூஎல் சர்வர் (டேட்டாபேஸ்). லாரி உள்ளே வந்த நேரத்தைத் திருத்தி அப்டேட் கொடுத்தால் சில நாள் சரியாக ஏறுகிறது, சில நாள் எரர் அடிக்கிறது, சில நாள் மாதமே மாறிவிடுகிறது என்கிறார்.

தம்பி, டேட்டாபேஸுக்கு அனுப்பும் தேதிக்கு ஃபார்மட்டே வேண்டாம். டேட்டைம் என்ற தேதி-நேர வகை நெடுவரிசைக்குள் எழுத்து வடிவம் எதுவும் கிடையாது, எண்ணாகத்தான் சேமிக்கிறது. ஃபார்மட் என்பது திரையிலும் ரிப்போர்ட்டிலும் மனிதன் படிப்பதற்கு மட்டும்.

நீங்கள் தேதியை ஸ்ட்ரிங்காக (வெறும் எழுத்துத் தொடராக) மாற்றி அப்டேட் வரியில் ஒட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் விண்டோஸில் இந்திய செட்டிங் இருந்தால் 2024 ஆகஸ்ட் 5, 05-08-2024 என்று போகும். சர்வரில் அந்த லாகினின் மொழி அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் (பெரும்பாலும் அதுதான் டீஃபால்ட்) முதலில் வருவதை மாதம் என்று எடுத்துக்கொண்டு மே 8 என்று எழுதிவிடும். 13-08-2024 போனால் 13-வது மாதம் இல்லையே, எரர் வரும். எரர் வந்தால் கவலை இல்லை, உடனே தெரிந்துவிடும். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரையான தேதிகள்தான் சத்தமே இல்லாமல் புரண்டு உட்காரும்.

வருடம்-மாதம்-தேதி என்று கோடு போட்டு அனுப்பினால் போதும் என்று பலர் சொல்வார்கள். பழைய டேட்டைம் வகையில் அதுவும் நிச்சயமில்லை. லாகின் மொழி பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருந்தால் அதையும் மாற்றிப் படிக்கும். ஸ்ட்ரிங்காகத்தான் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் வந்தால் கோடே இல்லாமல் 20240805 என்று கொடுங்கள். ஆனால் சரியான வழி பாராமீட்டர்தான், அதாவது மதிப்பை அப்டேட் வரியில் ஒட்டாமல் தனியாக அனுப்புவது. வகையை டேட்டைம்2 (டேட்டைமின் புதிய வடிவம்) என்று குறித்து, திரையில் தேதி தேர்ந்தெடுக்கும் பிக்கரின் வேல்யூவை அப்படியே கொடுத்துவிடுங்கள். தேதியை எழுத்தாக மாற்றும் டூஸ்ட்ரிங் பக்கமே போகாதீர்கள்.

திரைக்கான ஃபார்மட்டில் இரண்டு எழுத்தைக் கவனியுங்கள். பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம். பெரிய ஹெச் 24 மணிக் கணக்கு, சின்ன ஹெச் 12 மணிக் கணக்கு. சின்ன ஹெச் போட்டு ஏஎம் பிஎம் விட்டுவிட்டால் ராத்திரி 2:15-க்கு வந்த லாரியும் மத்தியானம் 2:15-க்கு வந்த லாரியும் ஒன்றாகத் தெரியும். ராத்திரி முழுக்க வண்டி ஓடுகிற நம் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நின்றுவிட்டு வரும் டிரைவருக்கு, வெயிட்டிங் சார்ஜ் தகராறு வந்தால் அந்த என்ட்ரி நேரம்தான் கையில் இருக்கும் சாட்சி. அது தப்பாக ஏறினால் அடிபடுவது அவர் கூலி.

இன்னொன்று, நாளைக்கு ஓனர் டேட்டாபேஸை அஷ்யூர் எஸ்க்யூஎல்லுக்கு (மைக்ரோசாஃப்டின் கிளவுட் டேட்டாபேஸ்) மாற்றச் சொல்லலாம். அங்கே இப்போதைய நேரத்தைக் கேட்கும் கெட்டேட் என்ற கட்டளை யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தைத்தான் தரும், நம்மை விட ஐந்தரை மணி பின்னால். விடியற்காலை 2 மணிக்கு வந்த வண்டி முந்தைய நாள் 20:30 என்று பதிவாகி, அன்றைய ரிப்போர்ட்டிலேயே இருக்காது. இப்போதே யூடிசியில் சேமித்து, காட்டும்போது இந்திய நேரத்துக்கு மாற்றும் பழக்கத்துக்கு வந்துவிடுங்கள்.

தினசரி ரிப்போர்ட்டில் 23:59:59 வரை என்று போடாதீர்கள். இன்று 00:00 முதல், நாளை 00:00-க்குக் கீழ் என்று எழுதினால் கடைசி நொடி வண்டியும் தப்பாது.

ஏற்கெனவே புரண்டுபோன வரிகளைப் பிடிக்க, உள்ளே வந்த நேரம் வெளியே போன நேரத்துக்குப் பிறகு இருக்கிறதா, உள்ளே வந்ததற்கும் போனதற்கும் நடுவில் மாதக் கணக்கில் இடைவெளி இருக்கிறதா என்று ஒரு செலக்ட் (தேடல் கட்டளை) போட்டுப் பாருங்கள். கிடைத்ததையெல்லாம் மொத்தமாகத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள், சரியாக ஏறிய வரிகளும் அதில் கலந்திருக்கும். கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் கையால் எழுதும் ரெஜிஸ்டர் இருக்குமே, அதை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுத் திருத்துங்கள்.