மகள் யானையைப் படிக்கப் போகிறேன் என்றால்

கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டி பக்கத்திலிருந்து ஒரு அப்பா கேட்கிறார்: "ராகி அறுப்பு நேரத்துல யானையை விரட்ட ராத்திரியெல்லாம் பரண்ல கிடக்கறோம். என் பொண்ணு பன்னிரண்டாவது முடிச்சிட்டு அதையே படிக்கப் போறேங்கறா. இதுக்கெல்லாம் வேலை கிடைக்குமா சார்?"

கிடைக்கும் ஐயா. ஆனால் நர்சிங் மாதிரி, முடித்ததும் இந்த வேலை என்று சொல்லிவிட முடியாது. வனவிலங்கு உயிரியல் ஐந்தாறு வருடம் பொறுக்க வேண்டிய படிப்பு.

முதலில், படிப்பில் என்ன இருக்கிறது என்று மகளுக்குத் தெரியட்டும். உலகில் 6,000க்கு மேற்பட்ட பாலூட்டி இனங்கள் இருக்கின்றன. அதில் பாதிக்கு மேல் எலி, அணில் வகைகளும் வௌவால்களும்தான், யானை மட்டுமே படிப்பு இல்லை. சிறுத்தை என்ன தின்கிறது என்று அறிய அதன் எச்சத்தைப் பொறுக்கி, கழுவி, உள்ளே கிடக்கும் முடியை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். தானியங்கி கேமராவில் விழும் ஆயிரக்கணக்கான படங்களைக் கணினியில் பிரிக்க வேண்டும். எத்தனை விலங்கு இருக்கிறது என்று மதிப்பிட புள்ளியியல் வேண்டும். பயாலஜி போதும், கணக்கு வேண்டாம் என்று நினைக்கிற பிள்ளைகள் இங்கேதான் திணறுகிறார்கள்.

உங்கள் மகளுக்கு ஒரு பலம் இருக்கிறது. கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக் கூட்டம் ராகி விளையும் நேரத்தில் ஏன் வருகிறது, எந்தத் தோட்டத்தை விட்டு எதில் இறங்குகிறது என்பதெல்லாம் அவள் பார்த்து வளர்ந்தது. வெளியூரிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவர் இதைப் பிடிக்கவே ஒரு பருவம் ஆகும். காவிரிக்கரை மரங்களில் நரை அணிலும் ஆற்றில் நீர்நாயும் இருக்கிற பகுதி இது. காவிரி வடக்கு சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது, காவிரி தெற்கு 2022இல். இங்கே ஆய்வுக்கு விஷயம் தீரப்போவதில்லை.

சரி, எங்கே படிப்பது? ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. அவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லை என்றால் பக்கத்து அரசுக் கல்லூரியில் விலங்கியல் சேருங்கள். என்னைக் கேட்டால் இளங்கலைக்கு விலங்கியலே நல்லது, மனம் மாறினால் பி.எட். போகலாம், வேறு தேர்வும் எழுதலாம். முதுகலையில்தான் இடம் முக்கியம். மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி, டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் ஆகியவற்றில் இதற்கென்றே முதுகலை உண்டு. ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு, ஆனால் நுழைவுத் தேர்வில் போட்டி கடுமை.

வேலை என்றால் மூன்று வழி. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வனத் தொழில் பழகுநர் தேர்வு, பட்டத்தோடு எழுதலாம். இந்திய வனப் பணி யு.பி.எஸ்.சி. தேர்வு, விலங்கியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். மூன்றாவது ஆராய்ச்சி. இதில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அது கிடைக்காமல் தொண்டு நிறுவனத் திட்டங்களில் சேர்ந்தால் சம்பளம் குறைவு, ஒப்பந்தமும் ஓரிரு வருடம்தான். இதை மறைத்துச் சொல்லக் கூடாது.

பெண் பிள்ளை காட்டுக்குள் தனியாகவா என்று பயப்படுவீர்கள். வனத்துறை அனுமதியோடு, உள்ளூர் வேட்டைத் தடுப்புக் காவலர் துணையோடுதான் ஆய்வுக்குப் போவார்கள். காட்டைத் தெரிந்தவர் இல்லாமல் யாரும் இறங்குவதில்லை.

அப்புறம் ஒன்று: அவள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அட்மிஷன் சமயத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கைத் தயாராக வைத்திருங்கள்.