பந்து ஆடிய எலும்பு டாக்டரிடம் சில கேள்விகள்

மதுரையில் எம்பிபிஎஸ் படித்தபோது கல்லூரிக் கால்பந்து அணிக்கு லெஃப்ட் பேக் (இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர்) ஆடியவன் நான். இப்போது எலும்பு மருத்துவம் பார்க்கிறேன்.

சார், டாக்டருக்குப் படிச்சுக்கிட்டே ஆட நேரம் கிடைச்சுதா? (செல்லூர் மாணவர்)

முதல் வருஷம் இல்லை. அனாட்டமி (உடற்கூறு) பாடம் ஆளையே விழுங்கிவிடும். அப்புறம் விடியற்காலை மைதானம், எட்டு மணிக்கு வார்டு. மத்தியான வகுப்பில் தூங்கி வழிந்ததும் உண்டு.

பெரிய ஆட்டக்காரர் யாராவது டாக்டர் ஆகியிருக்காங்களா? (மேலூர்)

நம்மவரே இருக்கிறார். டாக்டர் டி. ஆவ், நாகா மலைக்காரர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கேப்டன். அப்போது கல்கத்தாவில் மருத்துவ மாணவர். நம் ஆட்கள் பாதிக்கு மேல் வெறுங்கால். பிரான்ஸிடம் 2-1 தோல்வி. அதிலும் இரண்டு பெனால்டியைக் கோட்டை விட்டோம்! 1950இல் எம்பிபிஎஸ் முடித்தவர், ஊருக்கே திரும்பி அரசு டாக்டராகிவிட்டார். எனக்கு அவர்மேல் மதிப்பு அங்கேதான். 1982 உலகக் கோப்பையில் பிரேசில் கேப்டன் சாக்ரடீஸும் டாக்டர். ஆனால் சிகரெட்டை விடாத டாக்டர்.

டாக்டர், பந்து விளையாடும்போது பையனுக்கு முட்டி திரும்பிருச்சு. ஒரு மணி நேரத்துல பொதபொதன்னு வீங்கிருச்சு. எண்ணெய்க் கட்டு போடலாமா? (உசிலம்பட்டி அம்மா)

வேண்டாம்மா. 'டொப்'பென்று சத்தம் கேட்டதா என்று பையனிடம் கேளுங்கள். அவ்வளவு சீக்கிரம் வீங்கினால் பெரும்பாலும் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கும். முட்டியின் நடுவில் இருக்கும் ஜவ்வு அறுந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ஜவ்வு தெரியாது. அதனால் 'எக்ஸ்ரே நார்மல்' என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். துணியில் சுற்றிய ஐஸை இருபது நிமிஷம் வையுங்கள். உருவி விடாதீர்கள். எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ.

எனக்கும் இதே ஜவ்வுதான். இறுதி ஆட்டம் என்று ஒருவர் துணியை இறுக்கிக் கட்டி மறுபடி இறக்கிவிட்டார். நானும் மண்டையை ஆட்டினேன். ஜவ்வோடு போயிருக்க வேண்டியது, குருத்தெலும்புத் தட்டும் கிழிந்தது. ஆபரேஷன் செய்தாலும் மைதானத்துக்குத் திரும்ப ஒன்பது மாசமாவது ஆகும். ஆறாவது மாசமே முட்டி சரியான மாதிரி நடிக்கும், நம்பக் கூடாது.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எம்பிபிஎஸ் சீட் கிடைக்குமாண்ணே? (திருமங்கலம்)

இடங்கள் மிகக் குறைவு தம்பி. நீட்டும் தேறணும். கோட்டாவை நம்பிப் புத்தகத்தை மூடிவிடாதே.

இப்பவும் ஆடுறீங்களா?

ஞாயிறு காலையில், கோல்கீப்பராக. முட்டி அனுமதிப்பது அவ்வளவுதான். போன வாரம் மூணு கோல் வாங்கினேன். அடித்தவருக்கு முட்டி ஆபரேஷன் செய்தது நான்தான்.