வாசகர் கேள்வி: டீசல் தாங்கிப் பட்டி

கேள்வி: எங்கள் பழைய கொழுந்து லொறியில் டீசல் தாங்கியைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டிகளில் ஒன்று வெடித்துவிட்டது. வெல்டிங் வைத்துச் சமாளிக்கலாமா?
- வாசகர், ஹட்டன்

பதில்: வேண்டாம். ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். தாங்கிக்குப் பக்கத்தில் தீப்பொறியும் ஆகாது. 200 லீற்றர் டீசலே 165 கிலோவைத் தாண்டும். கினிகத்தேனை வளைவுகளில் அது அலம்பும் பாரமெல்லாம் பட்டியில்தான் விழும். இரண்டு பட்டிகளையும் சேர்த்தே மாற்றுங்கள். மற்றதற்கும் அதே வயதுதானே!

பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் நீளம், அகலம், தடிப்பு, போல்ட்டின் விட்டம், புரி எல்லாம் ஒப்பிட்டு வாங்குங்கள். தாங்கியைச் சுமக்கும் பிரக்கட்டைச் செசியில் (லொறியின் அடிச்சட்டத்தில்) பிடிக்கும் போல்ட்டும் துருவேறியிருந்தால், தலையில் 8.8 என்று வலுத்தரம் பொறித்ததாகப் போடுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது ரப்பரில். பட்டிக்கு அடியில் பழைய டியூப்பை வெட்டிப் போடுகிறார்கள். டீசல் பட்டால் அது ஊறி உப்பிக் குழைந்துவிடும், பட்டி தளரும், பிறகு இரும்பு தாங்கியை அராவும். டீசலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர்தான் சரி. பட்டியைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும்.

டீசலைக் கால்வாசிக்குக் கீழே இறக்கி, பலகை வைத்த ஜக்கால் தாங்கியைத் தாங்கிக்கொண்டு கழற்றுங்கள். தாங்கியில் பட்டி இருந்த தடத்தைச் சுரண்டிப் பாருங்கள். மழையும் பனியும் அங்கேதான் தங்கும்; குழி விழுந்திருந்தால் பட்டியோடு வேலை முடியாது. இரு நட்டுகளையும் மாறி மாறி இறுக்குங்கள். தாங்கி நசுங்குமளவுக்கு முறுக்க வேண்டாம். ரப்பர் அமுங்கும் என்பதால் இரண்டு நாள் ஓட்டத்துக்குப் பின் மறுபடி இறுக்குங்கள்.