வெர்ஷன் நம்பர விடுங்க, விழுந்தா எப்படி எந்திரிக்குன்னு பாருங்க

இந்த தடவ கேள்வி கொள்ள சேந்துபோச்சு, பாதிக்கு மேல ஒரே வகைதான்: அண்ணாச்சி, இந்த ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் நல்லாருக்கு, சர்வர்ல ஏத்தி கஸ்டமருக்கு விடலாமா? ஆறு கேள்விய மட்டும் எடுத்திருக்கேன். நமக்கு பாளையங்கோட்டையில ஒக்காந்து கடை பில்லிங், ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரி டோக்கன்னு அடுத்தவங்க சர்வர பாத்துக்கிடுத சோலி, அந்த அளவுக்குத்தான் பேசுவேன்.

கேள்வி: நாங்க போடலாம்னு பாத்தது இன்னும் 0.9-லயே நிக்கு. 1.0 வரட்டும்னு மேனேஜர் சொல்லுதாரு. காத்திருக்கணுமா? (தென்காசி)

எஞ்சின்எக்ஸ்ங்குத வெப் சர்வர் சாஃப்ட்வேர் 2004-ல வெளிய வந்துச்சு, 1.0 போட்டது 2011 ஏப்ரல்ல. நடுவுல ஆறு வருசத்துக்கு மேல 0.6, 0.7-ன்னு இருந்ததையே பெரிய பெரிய சைட்டுல எல்லாம் ஓட்டிக்கிட்டுதான் இருந்தாங்க, ஒண்ணும் குடி முழுகல. நம்பருங்கது எழுதுதவரோட குணம், ஒருத்தரு கூச்சப்பட்டு 0.9-லயே கெடப்பாரு, இன்னொருத்தரு ஆறு மாசத்துல 3.0 போட்டுருவாரு. ஆனா பூச்சியத்துல ஆரம்பிச்சா அதுக்கு ஒரு அர்த்தம் உண்டு: நாளைக்கு கான்ஃபிக மாத்துவேன், டேட்டா ஃபார்மட்ட மாத்துவேன், எங்கிட்ட சண்டைக்கு வரப்படாது. அதனால சேஞ்ச்லாக்ல (எதெத மாத்துனாங்கன்னு எழுதுத பட்டியல்) கடைசி அஞ்சு ரிலீஸ பொறுமையா படிங்க. மாத்தினா பழைய டேட்டாவ எப்படி கொண்டுவரதுன்னு எழுதியிருக்காங்களா, இல்ல 'அழிச்சிட்டு புதுசா போடுங்க'ன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்களா? ரெண்டாவதுன்னா 1.0 வந்தாலும் வேண்டாம்னு மேனேஜர்ட்ட நான் சொன்னதா சொல்லுங்க.

கேள்வி: கிட்ஹப்ல (கோடு போட்டு வைக்குத சைட்டு) 20 ஆயிரம் ஸ்டாருக்கு மேல இருக்கு, நம்பலாம்லா? (பேட்டை)

ஸ்டாருங்கது கல்யாண வீட்டு மொய் இல்ல தம்பி, யாரும் காசு எண்ணி எழுதல, போற போக்குல அமுக்கிட்டுப் போறது. ஓட்டுதவங்க கொற எழுதுத இஷ்யூ பக்கத்துல போயி கரப்ஷன் (டேட்டா கெட்டுப்போறது), டேட்டா லாஸ்னு தேடிப் பாருங்க. ஒண்ணுமே வரலன்னா சந்தோசப்படாதிய, யாரும் கனமா ஓட்டிப் பாக்கலன்னு அர்த்தமா இருக்கலாம். நாலஞ்சு வந்து, அதுக்கு எழுதுனவங்களே எறங்கி வந்து, எப்படி நடந்துச்சு எந்த வெர்ஷன்ல சரி பண்ணுனோம்னு பதில் போட்டிருந்தா அதுதான் நல்ல சகுனம்.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல புது மேஜர் வெர்ஷன் வந்த ஒடனே மாறலாமா? '.1' வந்தா போதும்னு ஒருத்தர் சொன்னாரு. (அம்பாசமுத்திரம்)

அந்த '.1' கணக்கு ஒரு காலத்துல நானும் வச்சிருந்தது. 14-ஆவது வெர்ஷன் வந்து அத ஒடச்சிட்டு. 2021 செப்டம்பர் கடைசியில வந்துச்சு, நவம்பர்ல 14.1, பொறவு 14.2, 14.3, எல்லாம் ஒழுங்காத்தான் தெரிஞ்சிது. 2022 ஜூன்ல வழக்கமான தேதி இல்லாம திடீர்னு 14.4 விட்டாங்க, என்னன்னு பாத்தா, டேபிள் ஓட்டத்துல இருக்கும்போதே இண்டெக்ஸ் (சீக்கிரம் தேடுததுக்கு வைக்குத அட்டவணை) கட்டுத கன்கரண்ட்லி வசதியில ஓட்டை, இண்டெக்ஸ்ல சில வரி விட்டுப்போயிரலாம். டேபிள்ல ஆளு இருக்காரு, தேடுனா இல்லம்பான். சரியாகி வர கிட்டத்தட்ட ஒம்பது மாசம் ஆயிட்டு. ஆக '.1'-க்கு காத்திருந்தவரும் மாட்டினாரு, '.3'-க்கு காத்திருந்தவரும் மாட்டினாரு.

அப்ப போஸ்ட்கிரெஸ் மோசமான்னா இல்ல, எனக்கு அதுமேல மதிப்பு கூடினதே அன்னைக்குத்தான். மறைக்கல, மூணு மாசத்துக்கு ஒருக்கா வார முறைக்கும் காத்திருக்கல, எந்த கமாண்ட வச்சு செக் பண்ணணும், எத திரும்ப கட்டணும்னு வெளிப்படையா எழுதுனாங்க. ஒவ்வொரு மேஜர் வெர்ஷனுக்கும் அஞ்சு வருசம் சப்போர்ட் இருக்கு, அதனால தல தெறிக்க ஓட வேண்டியதும் இல்ல. நான் ஒரு வருசம் பின்னாலயேதான் போவேன், ஆனா இருக்குத வெர்ஷனுக்குள்ள 14.1, 14.2 மாதிரி வார மைனர் ரிலீஸ ஒரு வாரத்துக்குள்ள போட்டுருவேன். நம்ம ஆளுங்க செய்யுதது நேர்மாறு, மேஜர ஆசையா ஏத்திட்டு மைனர ரெண்டு வருசம் தொடமாட்டாங்க!

கேள்வி: லோடு டெஸ்ட்ல செகண்டுக்கு 3000 ரெக்வெஸ்ட் அசால்ட்டா தாங்குது. இது போதும்லா? (வள்ளியூர்)

போதாது. நான் பாத்த வரைக்கும் நம்ம பக்கத்து சர்வர் எதுவும் லோடுல சாகல, கரண்டு போகும், யுபிஎஸ் பேட்டரி என்னைக்கோ செத்திருக்கும், இல்லன்னா டிஸ்க்கு ரொம்பிரும். அதத்தான் டெஸ்ட் பண்ணணும். ஒரு பழைய மெஷின்ல போடுங்க, 1, 2, 3-ன்னு வரிசையா நம்பர் எழுதுத சின்ன ஸ்கிரிப்ட் ஒண்ண வேற மெஷின்லருந்து ஓட்டுங்க, ஒவ்வொரு தடவ 'எழுதியாச்சு'ன்னு பதில் வரும்போதும் இங்கன ஸ்கிரீன்ல நம்பர் வரணும். ஓடிட்டு இருக்கும்போதே செவுத்துலருந்து ப்ளக்க புடுங்குங்க, ஷட்டவுன் குடுக்கப்படாது. திரும்ப ஆன் பண்ணிப் பாருங்க. ஸ்கிரீன்ல கடைசி நம்பர் 48212, உள்ள 48190 வரைக்கும்தான் இருக்குன்னா 22 எண்ணம் எங்க போச்சு? சில சாஃப்ட்வேர் இத மொதல்லயே ஒத்துக்கிடும், மெமரியில டேட்டாவ வைக்குத ரெடிஸ்ல ஏஓஎஃப் (எழுதுத ஒவ்வொண்ணையும் ஃபைல்ல குறிச்சு வைக்குத முறை) போட்டு செகண்டுக்கு ஒருக்கா டிஸ்க்குல எழுதுத செட்டிங் வச்சா ஒரு செகண்டு டேட்டா போகலாம்னு அவங்களே எழுதியிருக்காங்க, அது நாணயம். சொல்லாம முழுங்குறதுதான் ஆபத்து.

அடுத்தது டிஸ்க்க ரொப்புங்க, ஃபாலோகேட் கமாண்டுல ஒரு பெரிய ஃபைல போட்டா அந்தானைக்கு ரொம்பிரும். வால் ஃபைல் (WAL, மாத்தத்த எல்லாம் மொதல்ல குறிச்சு வைக்குத ஃபைல்) இருக்குத டிஸ்க்கு ரொம்பினா போஸ்ட்கிரெஸ் கூப்பாடு போட்டு நின்னுரும், எடம் பண்ணிக் குடுத்தா விட்ட எடத்துலருந்து எந்திரிச்சிரும். ரெடிஸ் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவோட முழு நகல்) எழுத முடியலன்னா புது டேட்டாவ வாங்கவே மாட்டேன்னு மொரண்டு புடிக்கும் (நம்ம பசங்க கோவப்பட்டு அந்த செட்டிங்க ஆஃப் பண்ணிருவாங்க, கோட்டிப் பயலுவ). நிக்கது நல்லது கேட்டியளா. ஒரு மொத்த வியாபாரக் கடையில நான் நம்பி போட்ட ஒரு க்யூ சாஃப்ட்வேர் (வாரத வரிசையா வாங்கி வைக்குதது), பேரு வேண்டாம், டிஸ்க்கு ரொம்புன பொறவும் 'ஓகே ஓகே'ன்னே சொல்லிட்டு இருந்துச்சு, தீவாளிக்கு முந்தின சனிக்கிழம சாயங்காலத்து பில்லு பூரா ஜீரோ சைஸ் ஃபைலு. கார்பன் காப்பி நோட்ட வச்சு ரெண்டு ராத்திரி நானும் கடைப் பையனும் தட்டினோம்.

கடைசியா பேக்கப். எடுக்கது இல்ல, திரும்பப் போட்டுப் பாக்கது. 2017 ஜனவரி 31-ல கிட்லேப்னு கோடு போட்டு வைக்குத சைட்டு நடத்துத கம்பெனியில ஒருத்தர் தப்பான சர்வர்ல டேட்டாவ அழிச்சிட்டாரு, பேக்கப்ப தேடினா டம்ப் (டேட்டாபேஸோட நகல்) எடுக்குத டூல் பழைய வெர்ஷன், டேட்டாபேஸ் புது வெர்ஷன், பேக்கப்பே எடுபடல, எடுபடலங்கற மெயிலும் போய்ச் சேரல. தற்செயலா ஒருத்தர் ஆறு மணி நேரம் முன்ன எடுத்த ஸ்னாப்ஷாட்டு காப்பாத்திச்சு. 2023 டிசம்பர் வெள்ளத்துல திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் நமக்குத் தெரிஞ்ச ஒரு கடையில சர்வர் தரைத்தளத்துல, பேக்கப் ஹார்ட் டிஸ்க் அதே மேசை டிராயர்ல. மிச்சத்த நீங்களே நெனச்சுக்கிடுங்க.

கேள்வி: டாக்கர்ல (சாஃப்ட்வேர பொட்டலமா கட்டி ஓட்டுத டூல்) 'லேட்டஸ்ட்'னு போட்டு வச்சா எப்பவும் புதுசா இருக்கும்லா, பாதுகாப்புதான? (திசையன்விளை)

வேண்டாம், வெர்ஷன் நம்பர எழுதி வைங்க. 2024 மார்ச்ல ஃபைல சுருக்குத எக்ஸ்இஸட் சாஃப்ட்வேர் கதைய கேட்டிருப்பிய. 5.6.0, 5.6.1 ரெண்டுலயும் திருட்டு வாசல் வச்சிருந்தாங்க, எஸ்எஸ்எச் (தூரத்து சர்வருக்குள்ள நுழையுத வழி) லாகின் அரை செகண்டு லேட்டாகுதேன்னு போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்டு நோண்டப்போயி வெளிய வந்துச்சு. டெபியன் லினக்ஸோட நிதானமான ஸ்டேபிள் பதிப்ப வச்சிருந்தவனுக்கு ஒண்ணும் ஆகல, புதுசு புதுசுன்னு ஓடுனவந்தான் வேர்த்தான். அதுக்காக செக்யூரிட்டி பேட்ச்சையும் ஆறப்போட்டுராதிய, அது வேற கணக்கு.

கேள்வி: சின்ன பள்ளிக்கூடம், வருகைப் பதிவுக்கு ஒரு பீட்டா சாஃப்ட்வேர் புடிச்சிருக்கு. போடலாமா? (களக்காடு)

போடுங்க, பீட்டாவும் யாராவது ஓட்டினாத்தான வளரும். ஆனா டீச்சர்மாரு அட்டென்டன்ஸ் நோட்டுலயும் எழுதட்டும், ரெண்டு மாசம். வெள்ளிக்கிழம சாயங்காலம் ஏதாவது ஒரு வகுப்ப எடுத்து நோட்டையும் ஸ்கிரீனையும் பக்கத்துல வச்சு பேரு பேரா சரிபாருங்க. திட்டுவாங்க, டீ வாங்கிக் குடுத்துருங்க.