காந்தி பத்து ரூபாய் அஞ்சல்தலை: உறையை நனைக்க வேண்டாம்

இணைய விற்பனைத் தளம் ஒன்றில் லண்டன் விற்பனையாளரிடம் வாங்கிய பழைய அஞ்சல் உறையில் உள்ள காந்தி பத்து ரூபாய்த் தலை அசலா என்று திருநெல்வேலியிலிருந்து கேட்டிருந்தீர்கள். அஞ்சல்தலையை நனைத்து உறையிலிருந்து பிரித்துச் சோதிக்காதீர்கள். பிரித்துவிட்டால், லண்டன் விற்பனையாளர் திருப்பி எடுக்க மறுப்பதற்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.

நீங்கள் எழுதியபடி அஞ்சலக முத்திரை உறையிலும் தலையிலும் தொடர்ச்சியாக விழாமல் தலையின் விளிம்போடு நின்றுவிடுகிறது என்றால், உண்மையான பழைய உறையில் 1948ஆம் ஆண்டுத் தலையின் போலியைப் பின்னாளில் ஒட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

திருநெல்வேலிச் சந்திப்புப் பக்கம் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கண்ணில் மாட்டும் லென்ஸ் இருக்கும். கேட்டு வாங்கி, காந்தியின் முகத்தைப் பாருங்கள். அசல், சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் ஃபோட்டோகிராவூர் (படத்தைக் குழிகளாகப் பதித்த உருளையால் அச்சிடும்) முறையில் அச்சானது. நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் வட்டம் வட்டமாகக் கூடி நின்றால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு, அதாவது போலி.

புள்ளிகள் இல்லை என்பதாலேயே அசலென்று கொள்ளக்கூடாது. அதற்கு நிபுணர் சான்றிதழ் வேண்டும். ஆனால் அதற்காகக் காத்திராமல், தளத்தின் புகார்க் கெடு முடியுமுன் படங்களுடன் முறையிட்டுவிடுங்கள்.