தனியாக ஒரு பேய் காமெடி வெப்காமிக் வரைந்து வெளியிட என்ன செய்ய வேண்டும்?

கேள்வியில் இருந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். "120 அத்தியாயத்துக்குக் கதை தயார். எதில் வரைவது, எங்கே போடுவது என்பது மட்டும்தான் தெரிய வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "மட்டும்தான்" என்னை எங்கேயோ குத்திவிட்டது. என்னிடமும் அப்படி ஒரு நோட்டு இருந்தது. பேய்களுக்குள் ஏழு வகுப்பு, வகுப்புக்கு வகுப்பு சட்டதிட்டம், முந்நூறு வருடப் பகை, போதாததற்கு ஒரு வரைபடம். அதில் நான் வரைந்து வெளியிட்டது மொத்தம் 4 அத்தியாயம். நாலாவது முடியும்போதுகூடப் பேய் யாரையும் பயமுறுத்தவில்லை. பேய்களின் சபை கூடிக்கொண்டிருந்தது.

நீங்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் வரைபவர், உதவிக்கு ஆள் இல்லை, கைக்காசு போடவும் தயங்குபவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் பாதியைத் தள்ளிவிட்டுப் படியுங்கள்.

கேட்டதற்கு முதலில் பதில். வரைவதற்கு கிரிட்டா போதும், இலவசம். க்ளிப் ஸ்டுடியோ பெயின்ட் காசு கொடுத்து வாங்குவது, ஆனால் கட்டம் போடவும் பேச்சு பலூன் போடவும் அதில் வசதி கூடுதல். வெளியிட வெப்டூனின் கேன்வாஸ் பகுதி இருக்கிறது, டாபாஸ் இருக்கிறது. இரண்டிலும் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். முதலாவதுக்கு 800 பிக்சல் அகலம், இரண்டாவதுக்கு 940. அவ்வளவுதான். இதில் நீங்கள் ஒரு வாரத்துக்கு மேல் மாட்டிக்கொண்டு நிற்கப் போவதில்லை.

மாட்டுகிற இடம் வேறு. என் இரண்டாவது காமிக்ஸில் அதை நான் நன்றாகவே அனுபவித்தேன்.

இந்த முறை நோட்டைப் பரணில் போட்டுவிட்டு ஒரே ஒரு பேய், ஒரே ஒரு லிஃப்ட் என்று தொடங்கினேன். பெயர் "ஏழாவது மாடி, ப்ளீஸ்". அந்தப் பேய்க்கு ஏழாவது மாடிக்குப் போக வேண்டும். விரலில் கனம் இல்லாததால் பொத்தானை அழுத்த முடியாது. உள்ளே வருகிற யாராவது அழுத்துவார்கள் என்று மூலையில் நின்று காத்திருக்கும். வருகிறவர்களோ கண்ணாடியில் அதைப் பார்த்து அலறி, கைக்கு எட்டிய பொத்தானையெல்லாம் அழுத்துவார்கள், ஏழாம் எண்ணைத் தவிர. கதை இவ்வளவுதான்.

முதல் அத்தியாயத்தை அச்சுப் புத்தகத்துக்கு வரைவதுபோல் பக்கம் பக்கமாக வரைந்தேன். சின்ன வயதில் படித்ததெல்லாம் காகிதம்தானே. புத்தகத்தில் பயம் பக்கம் புரட்டுவதில் இருக்கிறது. வலது பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒருத்தி கண்ணாடியைப் பார்க்கிறாள், தாளைத் திருப்பினால் அவளுக்குப் பின்னால் அது நிற்கிறது. கைபேசியில் திருப்புவதற்குத் தாள் கிடையாது. நான் பாட்டுக்குக் கட்டங்களை வெட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி ஏற்றிவிட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் முதல் பின்னூட்டம் வந்தது: "கீழே முடி முன்னாடியே தெரிஞ்சிடுச்சு பாஸ்."

பேயின் தலைமுடி. அவள் கண்ணாடியைத் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே, திரையின் அடியில், நான் மூன்று நாள் உட்கார்ந்து இழை இழையாக வரைந்த முடி.

அன்றைக்கு இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போதைய கைபேசித் திரைகள் பலவும் ஏறக்குறைய 9:20 விகிதம். 800 பிக்சல் அகலப் படம் திரையை நிறைத்தால் ஒரே சமயத்தில் சுமார் 1,780 பிக்சல் உயரம் கண்ணுக்குத் தெரியும். ஒரு கட்டமும் அதன்கீழ் விட்ட வெற்றிடமும் சேர்ந்து இதற்குக் குறைவாக இருந்தால், வாசகர் மேலே படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கட்டம் தலையை நீட்டிவிடும். நான் விட்டிருந்த வெற்றிடம் 400. காமிக்ஸ் கலையைப் பற்றிப் புத்தகங்கள் எழுதிய ஸ்காட் மெக்ளவுட் 2000ஆம் ஆண்டிலேயே கணினித் திரையை எல்லையில்லாத தாளாகப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். தாளுக்கு எல்லை இல்லை, சரி. அதைப் பார்க்கிற ஜன்னலுக்கு எல்லை இருக்கிறதே, அதை நான் யோசிக்கவில்லை.

சிரிப்புக்கு இது தலைகீழ். ஒருவர் பேசுகிறார், எதிரில் இருப்பவரின் முகம் மாறுகிறது. அந்த இரண்டும் ஒரே திரையில் இருந்தால்தான் சிரிப்பு வரும். தள்ளிப் போனால் கண் தேடும், தேடினால் சிரிப்பு செத்துவிடும். ஆகப் பயத்துக்கு ஒரு முழுத் திரை காலி, சிரிப்புக்கு 150 அல்லது 200 பிக்சல். இரண்டும் மாறிப்போனால் பயந்திருக்க வேண்டிய இடத்தில் சிரிப்பார்கள், சிரிக்க வேண்டிய இடத்தில் "என்னாச்சு?" என்று கேட்பார்கள். என் முதல் அத்தியாயத்தில் இரண்டும் நடந்தது.

அப்புறம் தற்செயலாக ஒன்று கண்ணில் பட்டது. வெற்றிடத்துக்கு வெள்ளைக்குப் பதில் கறுப்பு போட்டேன். விளக்கு வெளிச்சத்தில் திரை கறுப்பானதும் அதில் என் முகமே தெரிந்தது. சும்மா விடுவேனா? ஆறாவது அத்தியாயத்தில் இரண்டு திரை நீளத்துக்கு வெறும் கறுப்பு. படிப்பவர் தன் முகத்தையே பார்த்தபடி விரலை இழுக்க வேண்டும். அதற்கடுத்து லிஃப்ட்டின் கண்ணாடி. இந்தக் காமிக்ஸில் நானாகக் கண்டுபிடித்த ஒரே வித்தை என்றால் அதுதான். வேறு யாராவது முன்பே செய்திருக்கலாம், சண்டைக்கு வராதீர்கள்.

கொரியாவில் ஹோராங் 2011இல் வரைந்த குட்டிப் பேய்க்கதை ஒன்றில், நீங்கள் இழுத்துக்கொண்டே போகையில் பேய் சட்டென்று அசைந்து உங்களை நோக்கி வரும். என்னிடமும் "அந்த மாதிரி நகர வையுங்க" என்று கேட்டார்கள். அதற்குத் தளத்தின் நிரலே ஒத்துழைக்க வேண்டும். உங்களையும் என்னையும் போன்றவர்கள் ஏற்றுவது பெரும்பாலும் அசையாத படங்கள். இருப்பதை வைத்துத்தான் பயமுறுத்த வேண்டும்.

நகைச்சுவை பற்றி என் பிடிவாதம் ஒன்று உண்டு. பேய் ஜோக் அடிக்கக் கூடாது. தான் செய்வது சிரிப்பாக இருக்கிறது என்று அதற்குத் தெரியவே கூடாது. என் பேய் ஏழாவது மாடிக்காக உண்மையாகவே தவிக்கிறது. அந்தத் தவிப்பை நான் கிண்டல் செய்த இரண்டு அத்தியாயங்களும் படுத்துவிட்டன. "அப்படியென்றால் 1950களில் அமெரிக்காவில் ஈசி காமிக்ஸ் போட்ட திகில் புத்தகங்களில் சுடுகாட்டுக் கிழவன் கடி ஜோக்காக அடிப்பானே" என்று யாராவது வருவீர்கள், தெரியும். அவன் கதையை அறிமுகம் செய்கிறவன், கதைக்கு வெளியே நிற்பவன். கதைக்குள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் ஜோக் அடிப்பதில்லை. அதே நிறுவனம்தான் 1952இல் மேட் என்ற நகைச்சுவைக் காமிக்ஸையும் தொடங்கியது. ஜாக் டேவிஸ் இரண்டுக்குமே வரைந்தார். ஒரே கை பிணத்தையும் வரைந்தது, கோமாளியையும் வரைந்தது. 1954இல் வந்த காமிக்ஸ் கட்டுப்பாட்டு விதிகள் தலைப்பில் "திகில்" என்ற சொல்லையே போடக் கூடாது என்றன. திகில் புத்தகங்கள் போயின, மேட் மட்டும் அந்த விதிகள் எட்டாத பத்திரிகை வடிவத்துக்கு மாறி நின்றது.

நான் பெரிய ஆள் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து படிப்பவர்கள் சில நூறு பேர். "நீயே இன்னும் தேறவில்லை, இதில் அறிவுரை வேறா" என்று கேட்பவர்களுக்கு: தேறாத ஆளுக்குத்தான் எங்கெங்கே பள்ளம் என்று தெரியும்.

இன்னொரு பள்ளம். முதல் ஒன்பது அத்தியாயங்களைத் தளம் கேட்ட 800 பிக்சலிலேயே வரைந்து, பெரிய கோப்பு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பிறகு சின்னப் புத்தகமாக அச்சிடலாம் என்று ஆசை வந்தது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 800ஐ 300ஆல் வகுத்தால் இரண்டே முக்கால் அங்குலம்கூட வரவில்லை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பேய். ஒன்பதையும் திரும்ப வரைந்தேன். நீங்கள் முதல் நாளே மூன்று மடங்கு அகலத்தில் வரைந்து, ஏற்றும்போது சுருக்குங்கள்.

தமிழில் எழுதுவதானால் பலூன் ஒரு தனித் தலைவலி. சில வரைசெயலிகளில் "கொ" என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து நிற்கும். நான் படத்தை அங்கே முடித்துவிட்டு எழுத்தை மட்டும் இங்க்ஸ்கேப் என்ற வேறொரு செயலியில் போடுகிறேன். வார்த்தைகளும் நீளம். "போய்விட்டார்களா" ஒரு வரிக்கு அடங்காது, "போயிட்டாங்களா" அடங்கும். பலூனுக்குள் பேச்சுத் தமிழ் வேண்டும் என்பதற்கு இலக்கியக் காரணம் எதுவும் என்னிடம் இல்லை, இடம் இல்லை என்பதுதான்.

வரைகிறவன் என்று வெளியே தெரிந்ததும் இன்னொன்று நடக்கும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். லோகோ. "அஞ்சு நிமிஷ வேலைதானே, ஒரு லோகோ போட்டுக் கொடேன்." ஒரு உறவினரின் நண்பருக்காக பதினான்கு தடவை மாற்றிக் கொடுத்தேன். நீலம் வேண்டும், நீலம் வேண்டாம், நீலம் மாதிரி வேண்டும். கடைசியில் அவர் எங்கிருந்தோ எடுத்த வேறொரு படத்தை வைத்துக்கொண்டார். நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பதினான்கு இரவுகளில் எனக்கு ஒரு முழு அத்தியாயம் முடிந்திருக்கும். பொம்மை வரைவது வேலையே இல்லை என்று நினைப்பவர்களுக்குத்தான் பொம்மை அவசரமாகத் தேவைப்படுகிறது. பல் மருத்துவரிடம் போய் "சும்மா ஒரு பல்லு" என்று கேட்பார்களா?

சரி, விடுங்கள்.

வாரம் எத்தனை அத்தியாயம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எனக்கு முப்பது கட்டம் கொண்ட ஒரு அத்தியாயத்துக்கு இருபது மணி நேரம் ஆகிறது. வாரம் ஒன்று என்று அறிவித்தேன், கையிருப்பு மூன்று. ஒரு காய்ச்சலில் மூன்றும் தீர்ந்தன. இரண்டு மாதம் எதுவும் வரவில்லை. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்று, கையிருப்பு எட்டுக்குக் கீழே போனால் லோகோ கேட்கிறவர்களின் போனை எடுப்பதில்லை. உங்கள் 120ஐ நீங்களே வகுத்துப் பாருங்கள்.

உரிமை விஷயம். வரைந்த நொடியிலேயே அது உங்களுடையது. பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் பதிவு செய்தால்தான் உரிமை என்று கிடையாது, வழக்கு என்று போனால் சில இடங்களில் பதிவு கேட்பார்கள். "வாய்ப்பு தருகிறோம்" என்று வருகிற ஒப்பந்தத்தில் எல்லா ஊடகத்துக்கும், எல்லாக் காலத்துக்கும் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எனக்கு வந்ததில் இருந்தது. பேயையே எழுதிக் கேட்டார்கள்.

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். இந்த வடிவத்தில் வாசகர் போகிற திசை ஒன்றுதான், கீழே. ஒருவர் கிணற்றில் விழுவதை வரைவது சுலபம், விரலே தள்ளிவிடும். என் பேய்க்கோ மேலே போக வேண்டும். பத்துப் பதினைந்து அத்தியாயம் தாண்டிய பிறகுதான் இது எனக்கு உறைத்தது. மாடி எண்கள் கூடுவதைக் காட்டினேன், கதவிடுக்கு வழியாகத் தளங்கள் இறங்குவதைக் காட்டினேன். எதிலும் ஏறுகிற உணர்வு வரவில்லை. கடைசியில் 31ஆம் அத்தியாயத்தின் உச்சியில் "முதலில் அடிவரை போய்விட்டு, அங்கிருந்து மேலே படித்துக்கொண்டு வாருங்கள்" என்று எழுதிவிட்டு, கட்டங்களை அடியிலிருந்து மேலாக அடுக்கினேன். ஒரு சிறுமி எம்பி ஏழாம் எண்ணை அழுத்துகிறாள். பேய் முதல் தடவையாக ஏழாவது மாடியில் இறங்குகிறது.

அந்த அறிவிப்பைப் படிக்காமல் வழக்கம்போல் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு போன ஒருவர் எழுதியிருந்தார்: "ஏழாவது மாடிக்குப் போன பேய் ஏன் திரும்பக் கீழே வந்துடுச்சு? மேலே யார் இருந்தாங்க?"

32ஐ அந்த இரண்டாவது கேள்வியை வைத்துத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். நோட்டில் இல்லாத கதை.